1860களின் குவீன்ஸ்லாந்து: நிலத்தைக் கொடுத்து வளர்த்த சர்க்கரைத் தொழில் பற்றிப் பேசலாம்

கரைவழி:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் பிரிஸ்பேனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் ஆர்மிஸ்டன் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், இந்த மாநிலத்தின் முதல் வணிகக் கரும்புத் தோட்டம் அங்கேதான் இருந்தது என்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்த வரையில் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் வந்து திருத்துங்கள்.

1859 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து குவீன்ஸ்லாந்து தனிக் காலனி ஆனபோது அதன் கஜானாவில் 7½ பென்ஸ்தான் இருந்தது என்று சொல்வார்கள். காசு இல்லை, நிலம் இருந்தது. அதுவும் அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்களின் நிலம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அரசு தன் பெயருக்கு எழுதிக்கொண்டது. அப்புறம் அந்த நிலத்தையே பணம்போல எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கப்பல் கட்டணத்தைத் தானே கட்டி வந்து இறங்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் 18 பவுண்டு மதிப்புள்ள நிலப் பத்திரம் (அரசு நிலம் வாங்கும்போது காசுக்குப் பதிலாகக் கொடுக்கலாம்), இரண்டு வருடம் தங்கிவிட்டால் இன்னும் 12 பவுண்டுக்கு ஒன்று. பருத்தி விளைவித்தால் அதற்கும் பத்திரம்: சுத்தம் செய்த நீளிழைப் பருத்தி 300 ராத்தல் பொதி ஒன்றுக்கு 10 பவுண்டு.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் பஞ்சு கிடைக்காமல் நின்றன. சிட்னி வணிகர் ராபர்ட் டவுன்ஸ் லோகன் ஆற்றுப் பக்கம் பெரிய பருத்திப் பண்ணை போட்டார். போர் முடிந்து அமெரிக்கப் பருத்தி திரும்பி வந்ததும் விலை இறங்கியது, அந்தப் பண்ணைகளும் நிலைக்கவில்லை.

சர்க்கரையின் கதை வேறு. 1862இல் பார்படோஸிலிருந்து வந்த ஜான் புஹோ என்பவர், பிரிஸ்பேன் தாவரவியல் பூங்காவில் வால்டர் ஹில் வளர்த்து வைத்திருந்த கரும்பைப் பிழிந்து கொஞ்சம் சர்க்கரை எடுத்துக் காட்டினார். ஆர்மிஸ்டனில் லூயி ஹோப் 20 ஏக்கர் கரும்பு நட்டு 1864இல் ஆலையும் போட்டுவிட்டார். அதே 1864இல் அரசு சர்க்கரை, காபி விதிகளைக் கொண்டுவந்தது. 320 முதல் 1,280 ஏக்கர் வரை ஏக்கருக்கு வருடம் 1 ஷில்லிங் வாடகையில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்குள் சொன்னபடி பயிர் செய்தால் ஏக்கர் 1 பவுண்டுக்குச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஹோப்புக்கு அவர் செய்த முயற்சிக்காக கூமெரா ஆற்றோரம் 2,560 ஏக்கர் தனியாகக் கொடுத்தார்கள்.

பருத்திக்கும் அரசு உதவியது, கரும்புக்கும் உதவியது. முதலாவது வாடிப்போனது, இரண்டாவது இன்றுவரை நிற்கிறது. கரும்பைக் காப்பாற்றியது அந்தச் சலுகைதானா? இதுதான் என் கேள்வி.

மலர்விழி:

நல்ல இழை. தொழில் ஊக்கச் சலுகைக் கோப்புகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவள் நான். அந்த அனுபவத்தில் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: சலுகை எதற்குக் கொடுக்கப்பட்டது, விளைச்சலுக்கா, வாக்குறுதிக்கா?

பருத்திக்குக் கொடுத்தது விளைச்சலுக்கு. பொதி கையில் வந்தால்தான் பத்திரம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான திட்டம் இருக்க முடியாது, ஏமாற்ற இடமே இல்லை. ஆனால் உலகச் சந்தை இறங்கும்போது பொதிக்கு 10 பவுண்டுப் பத்திரம் ஒருவரையும் தாங்கிப் பிடிக்காது. அந்தப் பத்திரத்தின் கதியையும் பாருங்கள். நிலத்தில் உட்கார்ந்து பயிர் செய்யட்டும் என்று கொடுத்ததை, வந்து இறங்கிய கையோடு கிடைத்த விலைக்கு ஊக வணிகர்களிடம் விற்றுவிட்டுப் போனவர்கள் ஏராளம். கைமாற்றக்கூடிய சலுகை எதுவானாலும் கடைசியில் காசு வைத்திருப்பவனிடம்தான் போய்ச் சேரும்.

கரும்புக்குக் கொடுத்தது நிலம், அதனோடு ஒரு நிபந்தனை. நிபந்தனை சரிதான். ஆனால் 320 ஏக்கருக்குக் குறைந்தால் கிடையாது என்று வைத்த உடனேயே அது யாருக்கான திட்டம் என்று தெரிந்துவிடுகிறது. அத்தனை ஏக்கரைத் திருத்தி, கரும்பு நட்டு, ஆலையும் வைக்கக்கூடியவன் கையில் ஏற்கெனவே முதல் இருந்தது. முதல் இல்லாத குடியானவனுக்கு அந்த விதியில் ஒன்றுமே இல்லை.

பழைய கேன் ஆபீஸர்:

முப்பத்தொரு வருடம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் இருந்தேன். மலர்விழி அம்மா சொன்னது சரி, ஆனால் அந்த 320 ஏக்கருக்குப் பின்னால் அந்தக் காலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதெல்லாம் புரியாது.

பருத்தியை எடுத்து மூட்டை கட்டிக் கொட்டகையில் போட்டால் ஆறு மாதம்கூடக் கிடக்கும். கரும்பு அப்படி இல்லை. வெட்டிய நிமிடத்திலிருந்து அதன் சர்க்கரைச் சத்து இறங்க ஆரம்பிக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வோம். வெயிலில் இரண்டு நாள் கிடந்த கட்டைப் பிளந்து நாக்கில் வைத்தால் புளிப்பு தட்டும், அந்தச் சாறு எவ்வளவு காய்ச்சினாலும் மணி கட்டாது, பாகாகவே நிற்கும். ஆகவே பக்கத்தில் ஆலை இல்லாத கரும்பு வெறும் மாட்டுத் தீவனம்தான். ஆலை என்றால் உருளைகள், கொதிகலன், கொப்பரை வரிசை எல்லாம் பிரிட்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்ட நிறையக் கரும்பு வேண்டும். அதனால்தான் ஆரம்பத்தில் தோட்டமும் ஆலையும் ஒரே முதலாளியுடையதாக இருந்தன. மக்காய் பகுதியில் ஜான் ஸ்பில்லர் 1865இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த கரணைகளை நட்டார், 1868இல் அங்கே அலெக்ஸாண்ட்ரா ஆலை வந்தது. அதன் பிறகு வரிசையாக வந்தவை பெரும்பாலும் இந்த மாதிரிதான்: முதலாளியின் தோட்டம், முதலாளியின் ஆலை.

சின்ன விவசாயிக்கு என்ன வழி? இந்த ஒரு விஷயத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வால்ரஸ் என்று ஒரு துடுப்புச்சக்கர நீராவிப் படகு. 1869இல் அதன் மேல் கரும்பு பிழியும் உருளைகளையும் சாராயம் காய்ச்சும் கலத்தையும் ஏற்றி, லோகன், ஆல்பர்ட் ஆறுகளில் ஓட்டினார்கள். ஆற்றங்கரை விவசாயி கரும்பை வெட்டித் துறையில் அடுக்கி வைத்திருப்பான். படகு வந்து ஒதுங்கும், அங்கேயே பிழியும், அடுத்த துறைக்குப் போகும். கரும்பு ஆலைக்குப் போக முடியாத இடத்தில் ஆலை கரும்பைத் தேடிப் போயிருக்கிறது! 1872இல் வடிசாலை உரிமம் போய்விட்டது. அதில் இருந்த கலம்தான் பின்னால் பீன்லி ரம் ஆலைக்குப் போனது என்பார்கள்.

அரசு அன்றைக்கே இதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு இல்லாமல் இருந்தது நிலம் இல்லை, எல்லோரும் கரும்பு கொண்டுபோய்ப் போடக்கூடிய ஓர் ஆலை. அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு இருபது வருடம் ஆனது.

தங்கராசு_மறுதாம்பு:

ஐயா, வால்ரஸ் விஷயம் மனசைத் தொட்டது. நான் கரும்பு போடுகிறவன், நாலரை ஏக்கர். எங்கள் பகுதி ஆலையில் கட்டிங் ஆர்டர் (கரும்பை வெட்டலாம் என்ற ஆலை உத்தரவு) வராமல் பூப்பூத்து நின்ற கரும்பைப் பார்த்துக்கொண்டே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். அப்புறம் வெட்டினோம், எடை பாதி குறைந்தது, அந்தப் பணமும் பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. ஆலை யார் கையில் இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

ஒரு சந்தேகம். அத்தனை ஆயிரம் ஏக்கர் காட்டை அழித்துக் கரும்பு நட்டது யார்? முதலாளி மண்வெட்டி பிடித்திருக்க மாட்டார். கரும்புத் தோட்டம் என்றாலே நமக்கு ஃபிஜி நினைவு வருகிறது. அதுபோலக் குவீன்ஸ்லாந்துக்கும் நம் ஆட்களைக் கொண்டுபோனார்களா?

ஏடுபார்ப்பவன்:

தங்கராசு அண்ணன் கேட்டதுதான் இந்த இழையில் முதலிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி.

நம் ஆட்களைக் கொண்டுபோகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்க 1862இலேயே குவீன்ஸ்லாந்து சட்டம் போட்டது. ஆனால் இந்திய அரசு தரப்பில் இருந்த விதிமுறைகள், காலனிக்குள்ளேயே வெள்ளைத் தொழிலாளர்களின் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து அது நடைமுறைக்கு வரவில்லை. 1882இல் டெவன்ஷயர் என்ற கப்பலில் இலங்கையிலிருந்து சிங்களத் தொழிலாளர்களை மக்காய்க்கும் பண்டபெர்க்குக்கும் கொண்டுவந்தபோது கரையில் கலவரமே நடந்தது. ஃபிஜியில் 1880களில் ஆலை போட்ட காலனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனி குவீன்ஸ்லாந்திலும் ஆலைகள் வைத்திருந்தது. ஆனால் கூலிக்கு இரண்டு இடத்திலும் இரண்டு கடலைப் பார்த்தார்கள்: ஃபிஜிக்கு இந்தியா, குவீன்ஸ்லாந்துக்குப் பசிபிக் தீவுகள்.

1863 ஆகஸ்டில் டான் ஹுவான் என்ற பாய்க்கப்பல் 67 தீவுவாசிகளுடன் பிரிஸ்பேன் வந்தது. கரைவழி குறிப்பிட்ட அதே ராபர்ட் டவுன்ஸின் பருத்திப் பண்ணைக்குத்தான். மாதம் 10 ஷில்லிங், அதாவது வருடத்துக்கு 6 பவுண்டு. 1868இல் இதற்கென்று சட்டம் வந்தபோது மூன்று வருட ஒப்பந்தம், குறைந்தது வருடத்துக்கு 6 பவுண்டு, முடிந்ததும் திரும்பும் கப்பல் என்று எழுதினார்கள். அந்த 6 பவுண்டு பல வருடங்களுக்கு அப்படியே நின்றது. 1904 வரை மொத்தம் சுமார் 62,000 ஒப்பந்தங்கள். பெரும்பாலும் இன்றைய வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து. விரும்பி வந்தவர்களும் உண்டு, இரண்டாம் முறை வந்தவர்களும் உண்டு. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. 1884இல் ஹோப்ஃபுல் என்ற கப்பலின் ஆட்கள் கொலைக் குற்றத்துக்காகவே பிரிஸ்பேனில் விசாரிக்கப்பட்டார்கள். அதே 1884இல் காலனியில் இருந்த தீவுவாசிகளில் ஆயிரத்துக்கு 147 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இளைஞர்கள், இங்கே வந்துதான் புதுப் புது நோய்களைப் பார்த்தவர்கள். அந்த வயதில் ஆயிரம் பேரில் 147 பேர், அதுவும் ஒரே வருடத்தில்.

மலர்விழி அக்கா, நீங்கள் தணிக்கை செய்தவர், உங்களிடமே கேட்கிறேன். ஏக்கருக்கு 1 ஷில்லிங் வாடகை என்பது அரசின் கணக்கில் தெரிகிற சலுகை. குறைந்த கூலிக்கு ஓடிப்போக முடியாத ஆளைப் பிடித்து வைத்திருக்கச் சட்டம் செய்து கொடுத்தது எந்தக் கணக்கில் வரும்? என் கருத்தில் சர்க்கரைக்கு அரசு கொடுத்த மிகப் பெரிய மானியம் அதுதான். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. ஒப்பந்தத்துக்கு நடுவில் இறந்துபோன தீவுவாசிக்குச் சேர வேண்டிய கூலியை அரசு வாங்கி ஒரு நிதியில் வைத்தது. குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. பெரும்பகுதி போய்ச் சேரவில்லை. ஆவணங்களில் வரிசையாகப் பெயர், தீவு, தோட்டம், தொகை என்று இருக்கும். பெயர்கூடக் காதில் விழுந்தபடி எழுதியது. அதனாலேயே யாருடைய அப்பா, யாருடைய தம்பி என்று பிற்பாடு கண்டுபிடிக்க முடியவில்லை.

மலர்விழி:

கணக்கில் வராது தம்பி. கணக்கில் வராது என்பதால்தான் நான் அந்த வேலையில் இரவெல்லாம் கோபப்பட்டிருக்கிறேன். அரசு விட்டுக்கொடுத்த வரி தெரியும், கொடுத்த நிலம் தெரியும். தொழிலாளியிடமிருந்து பிடுங்கப்பட்டது எந்தப் படிவத்திலும் வராது.

ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. மலிவான கூலிதான் தொழிலைக் காப்பாற்றியது என்றால், டவுன்ஸின் பருத்திக்கும் அதே கூலிதானே? அது ஏன் நிற்கவில்லை? அதே லோகன் பகுதியில் ஜெர்மன் குடியேறிகள் தங்கள் பெண்டு பிள்ளைகளோடு இறங்கிப் பருத்தி எடுத்தார்கள், கூலியே இல்லை, அதுவும் நிற்கவில்லை. 1880களின் நடுவில் சர்க்கரைக்கும் இதே கதி வந்தது. ஜெர்மனி முதலான நாடுகள் தங்கள் பீட்ரூட் சர்க்கரை ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை கொடுத்துக் குவிக்க, 1884இல் உலகமெங்கும் விலை சரிந்தது. ஒரு நாட்டு மானியம் கடல் தாண்டி இன்னொரு நாட்டுத் தோட்டத்தை அடித்துப்போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மக்காயில் பெரிய பெரிய தோட்டங்கள் கடனில் மூழ்கின. அப்போதும் கூலி மலிவாகத்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் தொழில் எப்படி எழுந்தது என்பதுதான் முக்கியம். ஆபீஸர் ஐயா, இருபது வருடம் கழித்துப் புரிந்துகொண்டார்கள் என்றீர்களே, அதை எழுதுங்கள்.

பழைய கேன் ஆபீஸர்:

எழுதுகிறேன். சாமுவேல் கிரிஃபித் அப்போது பிரதமர் (காலனி அரசின் தலைவருக்கும் அப்படித்தான் பெயர்). தீவுவாசிகளைப் பிடித்து வருவதை 1890 முடிவோடு நிறுத்துவது என்று 1885இல் சட்டம் செய்தார். தோட்ட முதலாளிகள் கூச்சலிட்டார்கள். அப்படியானால் பெரிய தோட்டம் இல்லாமலேயே கரும்பு விளைவிக்க முடியும் என்று காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக நாடாளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கி, மக்காய் பக்கம் இரண்டு மத்திய ஆலைகள் (சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோரும் கரும்பு கொண்டுவந்து போடும் பொது ஆலைகள்) வைக்கக் கடன் கொடுத்தது. ஒன்று நார்த் ஈட்டன், இன்னொன்று ரேஸ்கோர்ஸ். குதிரைப் பந்தய மைதானத்தின் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். விவசாயிகள் கம்பெனியாகச் சேர்ந்து, தங்கள் நிலப் பத்திரங்களை அரசிடம் அடமானம் வைத்துத்தான் இந்தக் கடன்.

முதல் வருடங்களில் இரண்டும் தவணை கட்டத் திணறின. வெட்டுக்கு ஆள் இல்லை, விலையும் இல்லை. 1892இல் கிரிஃபித்தே மனம் மாறி ஆள் கொண்டுவருவதை மறுபடி அனுமதித்தார். அந்த வகையில் அவருடைய திட்டம் தோற்றது. ஆனால் ஆலை இருந்தது. கரும்பு வைத்திருந்தவனுக்குக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடம் இருந்தது.

அடுத்து 1893இல் சர்க்கரை ஆலை உத்தரவாதச் சட்டம். வங்கிகள் வரிசையாகக் கதவை மூடிய வருடம் அது. அரசு ஜாமீன் நின்றது. விவசாயிகளின் கம்பெனி கடன் பத்திரம் வெளியிடும், அசலுக்கும் வட்டிக்கும் அரசு பொறுப்பு, பதிலுக்கு விவசாயியின் நிலம் அரசிடம் ஈடு. மல்கிரேவ், மாஸ்மன், ப்ராஸர்பைன், பிளேன் க்ரீக் என்று பல ஆலைகள் 1890களில் இப்படி வந்தவைதான். எல்லாம் செழித்தன என்று சொல்ல மாட்டேன். கட்ட முடியாமல் போன சில ஆலைகளை 1904 வாக்கில் அரசே எடுத்து நடத்த வேண்டியிருந்தது. ஆனால் எடுத்து நடத்தினார்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை. ரேஸ்கோர்ஸ் ஆலை இன்றும் அரைக்கிறது.

நான் வேலை பார்த்த ஆலைக்கும் இப்படித்தான் அரசு பங்குத் தொகை போட்டது, ஜாமீன் நின்றது, உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கிழவர்களை எனக்குத் தெரியும். தன் நிலமோ தன் காசோ உள்ளே இருந்தால் விவசாயி ஆலையை விட்டுக்கொடுக்க மாட்டான். 1864இல் மலிவாக வாரிக் கொடுத்த நிலத்தைவிட, 1893இல் அடமானம் வாங்கிக்கொண்டு கொடுத்த அந்தக் கையெழுத்துதான் இந்தத் தொழிலை ஊன்றியது. என் தீர்மானமான கருத்து இது.

ஏடுபார்ப்பவன்:

ஐயா, மறுக்கவில்லை. மத்திய ஆலை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அடமானத்துக்கு வைக்க நிலம் யாரிடம் இருந்தது? மக்காய் யுவிபரா மக்களின் மண். அவர்களுக்கு ஒரு ஏக்கர் பத்திரம் கிடையாது. தீவுவாசிகளில் ஒப்பந்தம் முடிந்து தங்கி, சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே கரும்பு போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில் தெரியும், நம்மைப் போன்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு என்ன ஆனது என்றால், 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அமைந்த உடனே வந்த முதல் சட்டங்களில் ஒன்று பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம். 1904 மார்ச்சுக்குப் பிறகு யாரும் உள்ளே வரக் கூடாது, 1906 முடிந்ததும் இருப்பவர்களைத் திருப்பி அனுப்பலாம்.

கூடவே ஒரு சலுகையும் வந்தது. 1902 ஏற்பாட்டின்படி இறக்குமதிச் சர்க்கரைக்கு டன்னுக்கு 6 பவுண்டு சுங்கம், உள்ளூர்ச் சர்க்கரைக்கு 3 பவுண்டு கலால் வரி. அந்த 3 பவுண்டில் 2 பவுண்டைத் திருப்பித் தருவார்கள், வெள்ளைக் கையால் மட்டும் விளைந்த கரும்பாக இருந்தால். கிட்டத்தட்ட நாற்பது வருடம் அவர்கள் உழைப்பின் மேல் எழுந்த தொழில், அவர்கள் கை பட்டால் கரும்புக்குப் பணம் குறையும் என்று விவசாயிக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. பக்கத்து வயல்காரன் நல்லவனாகவே இருந்தாலும் தீவுவாசியை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டான், வைத்தால் ஊக்கத்தொகை போய்விடும்.

மக்காயில் அவர்கள் சங்கம் வைத்து மனு எழுதினார்கள். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், ஊரில் எங்களுக்கு இப்போது யாரும் இல்லை என்று கெஞ்சினார்கள். ஒரு சிறு பகுதியினர் மட்டும் தங்க அனுமதிக்கப்பட்டார்கள், மற்றவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். இறந்தவர்களின் கூலி நிதி பற்றி எழுதினேனே, இந்த நாடுகடத்தும் செலவுக்கு அதிலிருந்தும் பணம் எடுத்தார்கள்.

மலர்விழி:

படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. நிபந்தனை வைத்துக் கொடுத்தால் சலுகை நல்லது என்று சொல்லிவந்தவள் நான். இந்த 2 பவுண்டும் நிபந்தனையோடு வந்ததுதான். சொன்னபடி வேலையும் செய்தது.

தங்கராசு_மறுதாம்பு:

இறந்தவன் கூலியை எடுத்து இருப்பவனை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது.

ஆபீஸர் ஐயா, ஒன்றுதான் கேட்க வேண்டும். அந்த மத்திய ஆலைகளில் விவசாயிக்கு விலை எப்படிப் போட்டார்கள்? எடைக்கா, சர்க்கரைச் சத்துக்கா?

பழைய கேன் ஆபீஸர்:

ஆரம்பத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று ஆலை சொன்னதுதான் விலை தங்கராசு. சண்டை ஓயவே இல்லை. 1915இல் குவீன்ஸ்லாந்தில் கரும்பு விலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆலைப் பகுதிக்கும் ஒரு வாரியம், அதில் ஆலை தரப்பும் விவசாயி தரப்பும் உட்காரும், கரும்பின் சர்க்கரைச் சத்தைச் சோதித்து அதை வைத்து விலை. உன் கரும்பு எவ்வளவு இனித்ததோ அவ்வளவு காசு. ஆலை வந்து எத்தனை வருடம் கழித்து என்று பார், ரேஸ்கோர்ஸில் முதல் அரவை 1888.

கரைவழி:

கேள்வி கேட்டவன் நான், பதில் எழுத வேண்டிய கடமை இருக்கிறது. எது கரும்பைக் காப்பாற்றியது என்று ஒரே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு வந்தேன். ஆபீஸர் ஐயா சொன்ன ஆலை ஜாமீன்தான் என்று இப்போது நம்புகிறேன், ஆனால் அந்த ஜாமீன் வருவதற்குள் முப்பது வருடம் தொழிலைச் சுமந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இனி அதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தீவு மக்களின் சந்ததியினரைத் தனிச் சமூகமாகக் கூட்டாட்சி அரசு ஏற்றுக்கொண்டது 1994இல், குவீன்ஸ்லாந்து அரசு 2000இல்.

மூன்று வருடத்துக்கு முன் பண்டபெர்க் பக்கம் மான் ரெபோ கடற்கரைக்குக் குடும்பத்தோடு ஆமை பார்க்கப் போயிருந்தோம். இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். என் பெண் அங்கே இருந்த ஒரு நீளமான கருங்கல் சுவரின் ஓரமாகவே ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். சாந்து கிடையாது. எரிமலைக் கற்களைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அடுக்கியது. இடுக்கில் விரல்கூட நுழையவில்லை, அவ்வளவு நெருக்கம். கலப்பை ஓடுவதற்காக வயலிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தோண்டித் தூக்கிவந்து தீவுவாசிகள் அடுக்கிய சுவர் அது என்று நேற்று இரவுதான் படித்தேன். அன்றைக்கு அதன் மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிட்டோம்.

ஜூலையில் அரவை நடக்கும்போது மக்காய் போகலாம் என்றிருக்கிறேன். ஏடுபார்ப்பவன், அந்தக் கூலி நிதிப் பட்டியலில் மக்காய்த் தோட்டங்களின் பக்கங்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பெயர்களைப் படித்துவிட்டுப் போக விரும்புகிறேன்.